பழைய லேப்டாப்பில் புதிய விண்டோஸ் போடலாமா?

கேள்வி: என்னிடம் 2014இல் வாங்கிய லேப்டாப் இருக்கிறது. இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. வீட்டிலிருந்தே தமிழ் டைப்பிங், மெய்ப்புத் திருத்தும் வேலைகளைச் செய்கிறேன். மகளின் ஆன்லைன் வகுப்பு, நெட் பேங்கிங் எல்லாமே இதில்தான். ஆன் செய்தால் வேலையைத் தொடங்கப் பத்து நிமிடம் ஆகிறது. விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று அறிவிப்பு வருகிறது. விண்டோஸ் 11க்கு இந்தக் கணினி தகுதியில்லை என்றும் சொல்கிறது. அண்ணன் மகன் அந்தச் சோதனையைத் தாண்டி 11ஐப் போட்டுத் தருவதாகவும், புதுசு மாதிரி ஓடும் என்றும் சொல்கிறான். தெரிந்த இன்னொருவர், இதில் காசைக் கொட்டாதீர்கள், தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள் என்கிறார். புதிது வாங்கும் நிலையில் நான் இப்போது இல்லை. என்ன செய்யலாம்? – ஒரு வாசகி

பதில்: தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸ் 11உம் வேண்டாம். உங்கள் லேப்டாப்பில் ப்ராசஸர் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அதைக் காக்க வைப்பது ஹார்ட் டிஸ்க்கும் குறைந்த ராமும்தான். அந்த இரண்டையும் சரி செய்யாமல் எந்த ஓஎஸ் (விண்டோஸ் போன்ற இயங்குதளம்) போட்டாலும் பத்து நிமிடம் பத்து நிமிடமாகவே இருக்கும். ஆகவே எந்த ஓஎஸ் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் மெஷினைப் பார்ப்போம்.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துவிடலாம். லேப்டாப்பை ஆன் செய்து, திரை வந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சின்னதாகத் திறந்தால் கீழே இருக்கும் ‘மோர் டீடெய்ல்ஸ்’ என்பதை அழுத்தி, ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதிக்குப் போங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்று வரிசையாக இருக்கும். பெரும்பாலும் நீங்கள் பார்க்கப்போவது இதுதான்: சிபியு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு கீழே வராது. டிஸ்க்கைக் கிளிக் செய்தால் ‘ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்’ என்று மில்லிசெகண்டில் ஓர் எண் தெரியும். அது நூற்றுக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

ஏன் இப்படி ஆகிறது? லேப்டாப் ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். படிக்க வேண்டிய இடத்துக்கு அதன் முள் நகர இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லிசெகண்ட். கணக்குப் போட்டுப் பார்த்தால், அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை நொடிக்கு அறுபது எழுபது தடவைதான் அதனால் எட்டிப் படிக்க முடியும். விண்டோஸ் தொடங்கும்போது படிக்கப்படும் சிறு ஃபைல்களோ ஆயிரக்கணக்கில். கூடவே ஆன்டிவைரஸ், அப்டேட், தேடலுக்கான இண்டெக்ஸ் எல்லாம் அதே டிஸ்க்கிடம் ஒரே நேரத்தில் கேட்கின்றன. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும் எஸ்எஸ்டியில், சிப்பில் சேமிப்பதால், சுற்றும் தட்டும் இல்லை, நகரும் முள்ளும் இல்லை. அதே வேலையை நொடிக்குப் பல்லாயிரம் தடவை செய்துவிடும்.

ராம் விஷயம் இதோடு பின்னிக் கிடக்கிறது. 4 ஜிபியில் விண்டோஸும் அதன் துணைச் சேவைகளும் மட்டுமே ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும். பிரவுசரில் நாலைந்து டேப், ஒரு வேர்டு ஃபைல் திறந்தால் மீதியும் போச்சு. அதன்பிறகு விண்டோஸ், ராமில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக டிஸ்க்குக்கு மாற்றி, தேவைப்படும்போது திரும்ப எடுக்கும். எந்த டிஸ்க்? ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் அதே டிஸ்க். டேப் மாற்றினால் திரை உறைந்து நிற்பதற்கு இதுதான் காரணம்.

வாங்கியபோது இப்படி இல்லையே என்று நினைப்பீர்கள். உண்மைதான். அன்று வந்த இணையப் பக்கங்கள் இவ்வளவு கனமாக இல்லை. அதோடு 2018 ஜனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் குறைபாடுகள் வெளிச்சத்துக்கு வந்தபோது, அவற்றை அடைக்கும் அப்டேட்டுகள் எல்லா மெஷின்களுக்கும் வந்தன. உங்களுடையதுபோல நான்காம் தலைமுறையிலும் அதற்கு முந்தையவற்றிலும் வேகக் குறைவு கூடுதலாக இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட்டே அப்போது சொன்னது. பாதுகாப்புக்காகக் கொடுத்த விலை அது, திரும்ப வராது. ஆனால் டிஸ்க்கில் நீங்கள் இழக்கும் நேரத்தோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

எதையும் கழற்றுவதற்கு முன் ஃபைல்களை வெளியே ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். பத்து வருடம் தாண்டிய ஹார்ட் டிஸ்க், அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. திறந்ததும் டிஸ்க்கின் உடல்நிலையை ஒரு நிறத்தில் காட்டும். நீலம் என்றால் பரவாயில்லை. மஞ்சளோ சிவப்போ வந்தால் டிஸ்க் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது அன்றைக்கே பிரதி எடுப்பதைத் தவிர வேறு எந்த வேலையும் அதில் செய்யாதீர்கள்.

சரி, என்ன வாங்குவது? 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்று, இப்போதைய ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்திலேயே மாட்டுவது. 240 அல்லது 256 ஜிபி உங்கள் வேலைக்குத் தாராளம். மிக வேகமானது என்று விளம்பரம் செய்யும் என்விஎம்இ வகை உங்கள் லேப்டாப்பில் பொருந்தாது, யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள். ராமில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நான்காம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புகளுக்கு வேண்டியது 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல். ஸ்டிக்கரில் ‘பிசி3எல்’ என்று இருக்க வேண்டும். அந்த ‘எல்’ இல்லாத 1.5 வோல்ட் டிடிஆர்3ஐ மாட்டினால், உருவத்தில் சரியாகப் பொருந்தும், ஆனால் லேப்டாப் ஆன் ஆகாது. டாஸ்க் மேனேஜரில் மெமரியைக் கிளிக் செய்தால் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2’ என்பதுபோலக் காட்டும். ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் இன்னொரு 4 ஜிபி வாங்கினால் போதும். இரண்டு ராமும் சம அளவில் இருந்தால் ப்ராசஸர் இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும். உங்களுடையதில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லையென்றால், திரைக்கான வேலையும் அதே ராமில்தான் நடக்கிறது. அதனால் வீடியோவுக்கும் இது கைகொடுக்கும். சில மெல்லிய மாடல்களில் ராமை போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள். அவற்றில் எதுவும் கூட்ட முடியாது, வாங்குவதற்கு முன் மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிடுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் யோசிக்காமல் எஸ்எஸ்டி.

திறக்கிறவரிடம் இன்னும் இரண்டு வேலை சொல்லுங்கள். ஃபேனில் அடைந்திருக்கும் தூசியை எடுத்து, ப்ராசஸர் மேல் காய்ந்துபோயிருக்கும் பேஸ்ட்டைப் புதிதாகப் போட வேண்டும். சூடேறினால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்புறம், மதர்போர்டில் இருக்கும் வட்ட செல்லையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்துபோனால் தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பேங்க் தளம் உட்படப் பல தளங்கள் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று சொல்லித் திறக்க மறுக்கும். இதை வைரஸ் என்று நினைத்துப் பயந்து வருகிறவர்கள் உண்டு. பேட்டரி உப்பியிருந்தால் மட்டும் உடனே கழற்றி வைத்துவிடுங்கள், அதில் விளையாட வேண்டாம்.

இனி அண்ணன் மகன் சொல்வதற்கு வருகிறேன். அவர் சொல்வது பொய்யில்லை. சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11ஐ உங்கள் லேப்டாப்பில் நிறுவ முடியும், ஓடவும் ஓடும். மைக்ரோசாஃப்ட் கேட்பது குறைந்தது எட்டாம் தலைமுறை இன்டெல், டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி), செக்யூர் பூட் (நம்பகமான ஓஎஸ்ஸை மட்டும் தொடங்கவிடும் வசதி). முதலாவது உங்களிடம் இல்லை, டிபிஎம் 2.0உம் இருக்க வாய்ப்பு குறைவு. பென் டிரைவில் நிறுவியைத் தயாரிக்கும் ரூஃபஸ் போன்ற கருவிகள் அந்தக் கேள்வியையே கேட்காமல் நிறுவலைத் தொடங்கிவிடும். என் கவலை நிறுவுவதில் இல்லை, அதற்குப் பிறகு வரும் வருடங்களில்.

தகுதிப் பட்டியலில் இல்லாத மெஷின்களுக்கு அப்டேட் தருவதாக மைக்ரோசாஃப்ட் எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. மாதாந்திர அப்டேட் வந்துகொண்டிருக்கலாம். வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு தடவையும் யாராவது பென் டிரைவோடு உட்கார்ந்து மறுபடி தாண்ட வைக்க வேண்டும். தாண்டாமல் விட்டால், அந்தப் பதிப்புக்கான இரண்டு வருடம் முடிந்ததும் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிடும். அதாவது இப்போது விண்டோஸ் 10இல் எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே மறுபடி வந்து நிற்பீர்கள். 2024இல் வந்த 24எச்2 பதிப்பு, எஸ்எஸ்இ4.2 என்ற கட்டளைத் தொகுப்பு இல்லாத பழைய ப்ராசஸர்களில் தொடங்கவே மறுத்தது. அதுவரை கோர் 2 டுவோ என்ற பழைய இன்டெல் ப்ராசஸரில் வலிந்து ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரே நாளில் கதவு மூடியது. உங்கள் ஐ3இல் அந்தத் தொகுப்பு இருக்கிறது, ஆகவே இந்தத் தடவை தப்பிப்பீர்கள். அடுத்தது எதைக் கேட்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

பாதுகாப்புக்காகவாவது 11 நல்லதில்லையா என்று கேட்கலாம். விண்டோஸ் 11இன் முக்கியமான பாதுகாப்புகளில் ஒன்று ‘மெமரி இன்டெக்ரிட்டி’, விண்டோஸின் மையப் பகுதிக்குள் தீய நிரல் நுழையாமல் தடுப்பது. அதை வேகமாக நடத்துவதற்கான வசதி இன்டெல்லில் ஏழாம் தலைமுறையிலிருந்துதான் ப்ராசஸருக்குள்ளேயே வந்தது. அதற்கு முந்தையவற்றில் அதே வேலையை மென்பொருளால் செய்ய வேண்டும், அது வேகத்தைக் கடித்துவிடும். உங்கள் மெஷினில் அதைப் போட்டால் இன்னும் மெதுவாகும். போடாமல் விட்டால் 11க்கு மாறியதில் பாதிப் பயன் இல்லை. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வேண்டாதவற்றை நீக்கி ‘மெலிதாக்கிய விண்டோஸ்’ என்று யார் யாரோ தயாரித்து வைத்த தொகுப்புகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 4 ஜிபியில் பறக்கும் என்பார்கள். உள்ளே எதை எடுத்தார்கள், எதைச் சேர்த்தார்கள் என்று உங்களால் சரிபார்க்க முடியாது. நெட் பேங்கிங் செய்யும் மெஷினில் அதை வைக்கவே கூடாது. ராம் பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி க்ளீனர் வகையறாக்களும் அப்படித்தான்: ஒரு வேகமும் வராது, பின்னணியில் ஓடும் மென்பொருளில் ஒன்று கூடும், அவ்வளவுதான்.

அப்படியானால் எதைப் போடுவது? என் பரிந்துரை லினக்ஸ் மிண்ட், விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஓஎஸ். அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. பெயரைக் கேட்டுத் தயங்க வேண்டாம். கீழே இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம், நடுவில் திறந்திருக்கும் ஜன்னல்கள் என்று உங்களுக்குப் பழகிய அமைப்புதான். திறந்து சும்மா நிற்கும்போது சுமார் ஒரு ஜிபி ராமோடு நின்றுவிடும். மிண்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு, எந்தச் சோதனையையும் தாண்ட வேண்டியதில்லை. நிறுவுவதற்கு முன்பே பென் டிரைவிலிருந்து அப்படியே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே இருக்கும் எதையும் தொடாது. அப்போது வைஃபை, ஒலி, கேமரா, மைக், திரை வெளிச்சம் கூட்டும் விசை, மூடித் திறந்தால் எழுகிறதா, பிரிண்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சிப் இருந்தால் முதலில் இணைப்பு வராமல் போகலாம். கேபிளிலோ போனை யுஎஸ்பியில் இணைத்தோ நெட் கொடுத்து, ‘டிரைவர் மேனேஜர்’ வழியாக அதற்கான டிரைவரைப் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உங்கள் வேலை தமிழ் டைப்பிங் என்பதால் இதில் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். யுனிகோடில், தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவர் என்றால் சிக்கல் இல்லை. ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு உதவி மென்பொருள்கள் இரண்டையும் நிறுவினால் தமிழ்99 கிடைக்கும், ஒலிபெயர்ப்பு முறையும் கிடைக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஃபைல்கள் வருமானால், அந்த எழுத்துரு ஃபைலை மிண்ட்டிலும் நிறுவிவிட்டு, வேர்டுக்குப் பதிலாக அதில் இருக்கும் இலவச மென்பொருளான லிப்ரெஆஃபிஸில் திறந்தால் எழுத்துகள் சரியாகத் தெரியும். பாமினியின் எழுத்துகள் ஆங்கில விசைகளின் இடத்திலேயே அமர்ந்திருப்பதால் அப்படியே அடிக்கவும் செய்யலாம். ஆனால் தனி விசைப்பலகை மென்பொருளை நம்பி நீங்கள் அடிப்பதாக இருந்தால், அது விண்டோஸுக்கு மட்டுமே செய்ததாக இருக்கக்கூடும். மெய்ப்புத் திருத்தத்தில் இன்னொரு கவலை: ‘ட்ராக் சேஞ்சஸ்’ போட்ட வேர்டு ஃபைலை லிப்ரெஆஃபிஸில் திறந்து திருத்தித் திருப்பி அனுப்பலாம், திருத்தங்களும் கருத்துகளும் போகும். ஆனால் பக்க அமைப்பு, அட்டவணை, அடிக்குறிப்பு சில இடங்களில் நகரும். கைவசம் இருக்கும் ஒரு நிஜ வேலையின் பிரதியை எடுத்து, வேர்டிலும் லிப்ரெஆஃபிஸிலும் திறந்து ஒப்பிட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மகளின் பள்ளியிலும் கேட்டுவையுங்கள். ஆன்லைன் தேர்வுக்கான கண்காணிப்பு மென்பொருள்கள் சில விண்டோஸில்தான் ஓடும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்தினால் அதையும் சோதித்துவிடுங்கள்.

வகுப்பு வீடியோ திணறுவதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 வடிவங்களில் வீடியோவை அனுப்புகிறது. இவற்றை விரிக்கும் பகுதி உங்கள் ப்ராசஸரில் இல்லை, எல்லாவற்றையும் அதுவே கணக்குப் போட்டு விரிக்க வேண்டியிருக்கிறது. எச்.264 வடிவத்துக்கு அந்தப் பகுதி இருக்கிறது. பிரவுசரில் ‘எச்264இஃபை’ என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டால் யூடியூப் அந்த வடிவத்திலேயே அனுப்பும். 720பி போதும், ஃபேன் சத்தமும் அடங்கும். வீடியோ வகுப்பில் பின்னணியை மங்கலாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இரண்டு கோர் உள்ள ப்ராசஸருக்கு அது தாங்காத சுமை.

விண்டோஸை விடவே முடியாது என்று தெரிந்தால், விண்டோஸ் 10ஐயே வைத்துக்கொண்டு ஒழுங்காகப் பதிவு செய்துகொள்ளுங்கள். 2025 அக்டோபர் 14இல் பொதுவான ஆதரவு முடிந்தது. ஆனால் ‘நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்’ திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸைக் கிளவுடில் சேமிக்க ஒப்புக்கொண்டால் இதற்குக் காசு இல்லை. உங்கள் விண்டோஸ் 10, அதன் கடைசிப் பதிப்பான 22எச்2இல் இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் சுட்டி இருக்கும். விண்டோஸோடு வரும் டிஃபென்டர் ஆன்டிவைரஸுக்கு 2028 வரை அப்டேட் வரும் என்பதை வைத்துச் சிலர் அதுவரை பயமில்லை என்கிறார்கள். அது சரியில்லை. விண்டோஸின் ஓட்டையை விண்டோஸ் அப்டேட்தான் அடைக்கும், ஆன்டிவைரஸ் அடைக்காது. திட்டம் முடிந்த பிறகு அந்த விண்டோஸில் பேங்க் தளத்தைத் திறக்காதீர்கள்.

இதே கேள்வியோடு படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுடையது ஆட்டம் என்ற இன்டெல்லின் சிறிய ப்ராசஸரும், போர்டிலேயே பதித்த 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்பும் கொண்ட சின்ன லேப்டாப் என்றால், மேலே சொன்ன எஸ்எஸ்டி, ராம் யோசனை பெரும்பாலும் பலிக்காது, எல்லாம் சால்டர் செய்ததாக இருக்கும். 4 ஜிபி ராம் இருந்தால் கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ், 2 ஜிபி என்றால் லுபுன்டு அல்லது ஆன்டிஎக்ஸ் என்ற இலகுவான லினக்ஸ் வகைகளைப் போட்டுப் பாருங்கள், பணம் போடாதீர்கள். 32 பிட் ப்ராசஸர் என்றால் லினக்ஸிலும் இடம் சுருங்கிவிட்டது. 2025இல் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் பதிப்பில் அதற்கான நிறுவி கிடையாது.

உங்களுக்குத் திரும்ப வருகிறேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்க வேண்டாம். அதைக் கழற்றி, விண்டோஸ் 10 உள்ளே இருக்க, அப்படியே ஓர் உறையில் போட்டு வையுங்கள். புதிய எஸ்எஸ்டியில் மிண்ட்டை நிறுவி, ஃபைல்களின் பிரதியைக் கொண்டுவந்து போட்டு, இரண்டு மூன்று வாரம் உங்கள் அன்றாட வேலையை அதில் செய்யுங்கள். ஏதோ ஒன்று ஒத்துவரவில்லை என்றால் எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10ஐயே புதிதாக நிறுவிக்கொள்ளலாம். அதே மதர்போர்டு என்பதால் லைசென்ஸ் தானாகவே செயல்படும். இடையில் அவசர வேலை வந்துவிட்டால் பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டினால் எல்லாம் விட்ட இடத்தில் இருக்கும்.

இந்த வேலையை அண்ணன் மகனிடமே கொடுங்கள். சோதனையைத் தாண்டும் அளவுக்குத் தெரிந்தவருக்கு டிஸ்க் மாற்றி மிண்ட் நிறுவுவது ஒரு மதிய வேலை. திறப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி என்றால், மூடியைத் திறந்ததும் முதலில் அதன் கனெக்டரை எடுக்க வேண்டும். சில மாடல்களில் கீபோர்டைத் தூக்கினால்தான் உள்ளே போக முடியும். அதன் அடியில் இருக்கும் தட்டையான கேபிளின் பூட்டைத் திறக்காமல் இழுத்தால் கிழிந்துவிடும். உங்கள் மாடல் எண்ணைப் போட்டு, அதைக் கழற்றும் வீடியோவை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுக்கட்டும்.